சூரியனின் தேர் வழுக்கும் ஊர்

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படித்தவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி தவறாமல் எழும். கடைசியில் வந்து காப்பாற்றும் அந்த ராட்சதக் கழுகுகள் முதலிலேயே வந்து, மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு போய் எரிமலையில் போட்டிருக்கலாமே, எதற்கு இத்தனை நூறு மைல் நடை? கேட்பவருக்குக் கழுகின் மேல் புகார் இல்லை. ஆளைச் சுமந்து பறக்கும் பறவை, நடந்து வரும் மரம், கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மோதிரம் எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டவர்தான் அவர். உறுத்துவது வேறு. கதையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வசதியை ஆசிரியர் வேண்டாத நேரத்தில் ஒளித்துவைத்து, வேண்டிய நேரத்தில் எடுத்து நீட்டுகிறாரோ என்ற சந்தேகம். ரௌலிங் மேலும் இதே வழக்கு உண்டு. 1999-இல் வந்த ஹாரி பாட்டர் மூன்றாம் புத்தகத்தில் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் கருவி ஒன்று வருகிறது. அது கையில் இருக்க, அடுத்த புத்தகங்களில் யாரும் ஏன் சாக வேண்டும்? 2003-இல் வந்த ஐந்தாம் புத்தகத்தில், அமைச்சகத்தில் வைத்திருந்த அந்தக் கருவிகள் அத்தனையும் ஒரு சண்டையில் நொறுங்கிப்போகின்றன. மாயக் கதைகளைப் பற்றி வாசகர்கள் சொல்லும் அபிப்பிராயம் பெரும்பாலும் இந்த ரகம்தான். இது நடக்குமா என்று யாரும் கேட்பதில்லை, கணக்கு நேரா என்றுதான் கேட்கிறார்கள். விவரம் கெட்ட குறுக்குக் கேள்வி என்று இதைத் தள்ளுகிற விமர்சகர்கள் உண்டு. மாயக் கதையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிற மேலகரத்தில் இறங்கினால் போதும்.

மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடியது திருக்குற்றாலக் குறவஞ்சி. மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்காக அவருக்கு நிலமே கொடுத்தார். கதையென்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. வசந்தவல்லி குற்றாலநாதர் மேல் மையல் கொள்கிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள், குறத்தியைக் காணாமல் குறவன் தேடி அலைகிறான். ஆனால் குறத்தி தன் மலையைப் பற்றிப் பெருமை பேசும் இடத்தில் மாயம் கரைபுரள்கிறது. தேனருவியின் அலை வானம் வரை எழும்பி அங்கிருந்து வழிய, அந்தப் பாதையில் வரும் சூரியனின் குதிரைகளுக்குக் கால் வழுக்குகிறது, தேர்ச்சக்கரமும் வழுக்குகிறது. அருவி வானத்துக்கு எழும்பாது, சரி. எழும்பிவிட்டது என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால், பிறகு நடப்பதெல்லாம் குற்றாலத்தில் தினமும் நடப்பதுதான். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவந்து கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் செண்பகாதேவிப் பாதையில் ஏறுகிறவர், பாசி படிந்த பாறையில் என்ன பாடு படுவாரோ அதே பாட்டைச் சூரியனும் படுகிறான். தெய்வமாயிற்றே என்று அவனுக்குச் சலுகை இல்லை. குரங்கு விஷயமும் இதேதான். குரங்குகள் சிந்தும் பழத்துக்கு வானுலகத்தார் கெஞ்சுகிறார்களாம். குற்றாலத்தில் குரங்கிடம் வாழைப்பழத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு, பழம் யார் கையில் இருக்கும், கெஞ்ச வேண்டியவர் யார் என்பது நன்றாகத் தெரியும். கவிராயர் கூடுதலாகச் செய்தது ஒன்றே: மனிதர் நிற்கும் இடத்தில் தேவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பாட்டுக்குச் சரி, நாள்கணக்கில் நீளும் கதைகளுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைப் பார்ப்போம். ஒருவர் உரக்கப் படிக்க, எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட புத்தகம் அது. விக்கிரமாதித்தனுக்கு இந்திரன் தரும் வரம், சிம்மாசனத்தில் ஆயிரம் ஆண்டு. மந்திரி பட்டியோ காளியிடம் இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கி வைத்திருக்கிறான். ராஜா போன பிறகு மந்திரி மட்டும் என்ன செய்வது? பட்டி ஒரு வழி கண்டுபிடிக்கிறான். வரம் சிம்மாசனத்தில் இருக்கும் காலத்துக்குத்தானே, ஆறு மாதம் நாட்டை ஆண்டு ஆறு மாதம் காட்டில் திரிந்தால் ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். காடாறு மாதம் நாடாறு மாதம் என்று இன்றும் ஊரெல்லாம் சொல்கிறோமே, அதன் அடியில் இருப்பது சுத்தமான கூட்டல் கழித்தல். வரம் கொடுத்த இந்திரனே தட்டிக் கேட்க முடியாத கணக்கு. வேதாளத்துக்கும் நிபந்தனை உண்டு. விடை தெரிந்தும் பேசாதிருந்தால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் மறுபடி மரத்தில் ஏறிக்கொள்ளும். வடமொழியில் 25 கதைகளோடு முடிந்த இந்தக் கட்டுக்கோப்பை வைத்துக்கொண்டு, 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா பல பத்தாண்டுகள் மாதம் ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டே போனது. தோளில் பிணமும் கையில் வாளுமாக ஓவியர் சங்கர் வரைந்த அந்த ராஜா ஒவ்வொரு மாதமும் தோற்றுக்கொண்டே இருந்தார், வாசகர்களுக்கும் அலுக்கவில்லை. நிபந்தனை ஒரு மாதம்கூடத் தளரவில்லை என்பதால்தான்.

வாசகனின் தீர்ப்பை இவ்வளவு தூக்கிப் பிடித்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் குற்றாலமே சாட்சி. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்த ஊர் இது. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து தங்கிய ஊர். கம்பன் பாட்டை ரசிகமணி வாய்விட்டுப் பாடிப் பார்ப்பார், உணர்ச்சியும் ஓசையும் இசையாவிட்டால் இது கம்பன் வாக்கே இல்லை என்று ஒதுக்கிவிடுவார். அப்படி ஆயிரக்கணக்கில் பாடல்களைக் கழித்து அவர் பதிப்பித்ததுதான் 'கம்பர் தரும் ராமாயணம்'. ஏட்டுச் சான்று எங்கே என்று புலவர்கள் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் இருந்தது, ஒருவரின் காது சுவடிக்கு ஈடாகாது. ஆனால் தொய்வு இருக்கிற இடத்தைக் காட்டுவதில் அந்தக் காதை விஞ்ச ஆள் குறைவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் சண்டை பாதி தீரும். எங்கே சறுக்குகிறது என்பதில் வாசகன் பெரும்பாலும் தவறுவதில்லை, அதற்கு என்ன காரணம், என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லப் போகும்போதுதான் தடுமாறுகிறான்.

கல்கியின் அனுபவமும் இதையே சொல்கிறது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்து முடிந்ததும், கதை சட்டென்று நின்றுவிட்டதே, அப்புறம் இன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரையே எழுதிப் பதில் சொன்னார். சரித்திரக் கதையை ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் வாசகர் கேட்டதிலும் பிழையில்லை. ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரியின் 74 மதகுகளைக் காட்டித் தொடங்கி, வல்லவரையனை ஊர் ஊராகக் குதிரையில் அனுப்பி, போகிற இடமெல்லாம் ஒரு ரகசியத்தை முடிச்சுப் போட்டுவிட்டுப் போனவர் அவர். இன்றும் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊர்களுக்குப் பயணம் போகிறார்கள். இவ்வளவு துல்லியமாக வழி காட்டியவரிடம் முடிச்சுகளுக்கும் கணக்குக் கேட்பது இயல்பு. வழிகாட்டுவதில் டோல்கீனும் சளைத்தவரல்ல. வரைபடத்தை முன்னால் போட்டுக்கொண்டு கதையை அதற்குப் பொருந்தவைத்தவர், வளர்பிறை தேய்பிறையைக்கூடச் சரிபார்த்தவர். அவர் முதல் பாகம் வெளியானதும் 1954-இல்தான். அவ்வளவு கவனமாக இருந்தவரையும் கழுகில் பிடித்துவிட்டார்கள் பாருங்கள்.

இதற்கு ஒரு கனமான மறுப்பு உண்டு. கணக்கு, நிபந்தனை என்று போனால் மாயம் செத்துவிடாதா? இப்போது வரும் சில நீண்ட தொடர்களைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. மந்திரத்துக்கு எத்தனை வகை, எந்த வகைக்கு என்ன செலவு என்று பக்கம் பக்கமாக விளக்கி, கதையை வட்டாட்சியர் அலுவலகச் சுற்றறிக்கை போல ஆக்கிவிடுகிறார்கள். ஆனால் வாசகன் கேட்டது இந்த விளக்கத்தையா? கவிராயர் சூரியனின் தேர் ஏன் வழுக்கியது என்று ஒரு சொல்கூட விளக்கவில்லை. தண்ணீர் வழிந்தது, வழுக்கியது, அவ்வளவுதான். கேட்கிறவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் மேல் நின்றதால் விளக்கம் தேவைப்படவில்லை. மலையை மிதித்து எழும் கம்பனின் அனுமனும் அப்படியே. அவன் மிதித்த மிதியில் குகைப் பாம்புகள் வெளியே வருகின்றன. இவ்வளவு பெரிய உடம்பு தாவினால் தரை என்ன ஆகும் என்ற கேள்விக்கு, கேட்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது. தொடர்கள் நாலாம் பாகத்தில் படுத்துவிடுவதும் பெரும்பாலும் நீளத்தால் அல்ல. பழைய சக்திக்கு உரிய விலையை வாங்காமல், நெருக்கடி வந்தபோதெல்லாம் புதுச் சக்தி ஒன்றை இறக்குவதால்தான். சின்னப் பிள்ளைகள் சமாசாரத்துக்கு இவ்வளவு விசாரணையா என்பவர்களுக்கு ஒரே பதில்: பிள்ளைகள்தான் கதைசொல்லியை அதிகம் குடைகிறவர்கள்.

குறவஞ்சியிலேயே அப்படிக் குடைகிற ஒருவன் இருக்கிறான். தேடி அலைந்து குறத்தி சிங்கியைக் கண்டுபிடித்த குறவன் சிங்கனுக்கு அவள் உடம்பில் இருக்கும் எதுவும் விளங்கவில்லை. காலில் ஏன் விரியன் கடித்துக் கிடக்கிறது, செத்த தவளையை ஏன் காலில் கட்டியிருக்கிறாய் என்றெல்லாம் கேட்கிறான். வேட்டைக்காரன் கண்ணுக்கு நகை தவளையாகத்தான் தெரியும். மாயக் கதையை எடுத்ததும் உதட்டைப் பிதுக்கும் யதார்த்தவாதிகளும் சில நேரம் இந்தச் சிங்கன்தான். சிங்கி கோபித்துக்கொள்வதில்லை, நம்பினால் நம்பு என்று தட்டிக்கழிப்பதும் இல்லை. இது சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கிய சிலம்பு, இது குற்றாலர் சந்நிதிப் பெண்கள் தந்தது என்று ஒவ்வொன்றுக்கும் இடமும் ஆளும் சொல்லிக்கொண்டே வருகிறாள். கேட்கக் கேட்கச் சந்தேகம் தீர்ந்து சிங்கன் கொஞ்ச ஆரம்பித்துவிடுகிறான். பட்டப்பகலில் நடுத்தெருவில் இதென்ன என்று அவள்தான் அவனை அடக்க வேண்டியிருக்கிறது.