முழங்கால் அளவு தண்ணீர்

காரைநகரில் கசூரினாக் கடற்கரைக்குப் போகும் நாட்களில் முதலில் தண்ணீருக்குள் இறங்குபவர் ஐயாதான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்துகொண்டே போவார். அந்தக் கடலின் வாகு அப்படி. வடக்குப் பார்த்த கடல், பெரிய அலை எழாது, வெகுதூரம் போகும்வரை முழங்கால் நனையும், அவ்வளவுதான். தண்ணீர் தன் இடுப்பைத் தொடுகிற இடத்தில் நின்று எங்களைப் பார்த்துத் திரும்புவார். "நான் நிற்கிற இடந்தான் எல்லை. இஞ்சால தாண்டக்கூடாது" என்பார். பின்னேரம் வரைக்கும் அங்கேயே நிற்பார். சவுக்க மரங்களுக்குக் கீழே அம்மா சோற்றுப் பொதியை அவிழ்த்து வைத்துக்கொண்டு கூப்பிடுவா. நாங்கள் ஐந்து பேரும் கரையேறி எண்ணிக்கை சரியான பிறகுதான் ஐயா திரும்பி வருவார்.

1991இல் போரால் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே நான் சுவிஸ் வந்துவிட்டேன். அந்தக் கடலை நினைப்பதற்குப் பல வருடங்கள் எனக்கு நேரம் வாய்க்கவில்லை. 1998ஆம் வருடம் ஜூன் மாதம் மகள்தான் நினைவுபடுத்தினாள். அவளுக்கு நான்கு வயது, மகனுக்கு இரண்டு.

ஜூன் பிறந்தால் பெர்னில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்: "ஃபேரியனுக்கு, விடுமுறைக்கு, எங்கே?" பிள்ளைகள் விளையாடும் திடலில் கேட்பார்கள், பல் வைத்தியரின் வரவேற்பில் கேட்பார்கள். இவர், என் கணவர், வேலை செய்த உணவகத்தை ஜூலைக் கடைசியில் மூன்று வாரம் பூட்டிவிடுவார்கள். சமையலறையில் கூட நின்ற இத்தாலியர் ரிமினிக்கும், போர்த்துக்கீசர் தங்கள் ஊர்க் கடலுக்கும் காரில் சாமான் ஏற்றிப் புறப்படுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மணல் வாளியும் சிப்பியும் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். மகள் வந்து கேட்டாள், "அம்மா, எங்களுக்கு ஏன் கடல் இல்லை?"

எங்களிடம் இருந்தது 'N' பெர்மிட். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர்களுக்குக் கொடுக்கிற அட்டை. அதை வைத்துக்கொண்டு நாட்டின் எல்லையைத் தாண்ட முடியாது. இந்த நாட்டுக்கோ நான்கு பக்கமும் தரைதான். கடலுக்குள் இருக்கிற ஊரில் பிறந்த எனக்கு, பிள்ளைக்குக் காட்டக் கடல் இல்லை. அன்றிரவு இவரிடம் அதைச் சொல்லி அழுதேன்.

பிறகு தேடத் தொடங்கினோம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஆறே ஆறு. மார்சிலிக் குளிப்பிடத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. சனம் மேலே நடந்துபோய் ஆற்றில் குதித்து, நீரோட்டத்தோடு மிதந்து வந்து, கரையோரத்துச் சிவப்புக் கம்பிகளைப் பிடித்து ஏறும். பார்க்க அழகுதான். ஆனால் பச்சை நிறத்தில் இழுத்துக்கொண்டு ஓடுகிற அந்தக் குளிர்ந்த தண்ணீரின் அருகில் இரண்டு வயதுப் பிள்ளையோடு நிற்க எனக்குத் துணிவில்லை. தூன் ஏரிக்குப் போனோம். நாலு அடி வைத்தால் ஆழம், உயரத்து மலைப்பனி கரைந்து வந்த குளிர். மகன் காலை வைத்தவுடனேயே உதடு நீலம் பாரித்து அழுதான்.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டில் இருந்த வயதான சுவிஸ் அம்மா. நான் அரைகுறை ஜெர்மனில் "மணல், ஆழமில்லை, சின்னப் பிள்ளைகள்" என்று மூன்று சொல்லைத்தான் சொன்னேன். அவர் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்: பெர்ன், ஃப்ரைபுர்க்கில் மாற வேண்டும், எஸ்தவாயே தாண்டி, இவோனாந்.

நொஷாத்தெல் ஏரியின் தென்கரையில் இருக்கிறது இவோனாந். முழுக்க முழுக்க சுவிசுக்குள்ளேயே கிடக்கிற ஏரிகளில் அதுதான் பெரியது. நீளம் ஏறக்குறைய 38 கிலோமீட்டர். ஸ்டேஷனில் இறங்கி, குளிர்பெட்டி ஒரு கையிலும் மகன் இன்னொரு கையிலுமாக இவர் முன்னே நடந்தார். மரங்களுக்கு நடுவே ஒரு பாதை. அது முடிகிற இடத்தில் மணல். நான் அப்படியே நின்றுவிட்டேன். கூழாங்கல் இல்லை, புல்தரை இல்லை, சீமெந்துப் படி இல்லை, மணல். அதற்கப்பால் வெளிர்நிறத் தண்ணீரில் சின்னப் பிள்ளைகள் எவ்வளவோ தூரத்தில் நிற்கிறார்கள், தண்ணீர் அவர்களின் முழங்காலில். எதிர்க்கரையில் ஜூரா மலை ஒரு நீலக் கோடு. வடகிழக்கே பார்த்தால் கரை தெரியாது, வெயில் புகாரில் தண்ணீரும் வானமும் ஒன்றாகிவிடும்.

இவர் அரைக்காற்சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். இடுப்பளவு வந்த இடத்தில் நின்று திரும்பினார். "நான் நிற்கிற இடம் வரைக்குந்தான், சரியோ?" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஐயாவைப் பற்றி நான் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அவர் ஊர் வல்வெட்டித்துறை, அங்கே கடல் வேறு மாதிரி, எறியும் கடல். அங்கேயும் தகப்பன்மார் அப்படித்தான் நிற்பார்களாக்கும்.

"அம்மா, இது கடலோ?" என்று மகள் கேட்டாள். "ஓம்" என்றேன். பொய்தான். திருத்தவும் எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கரை எப்படி வந்தது என்பதைப் பல வருடம் கழித்து, மகளின் பள்ளிக்கூடக் கட்டுரைக்காக நூலகத்தில் புத்தகம் புரட்டும்போது தெரிந்துகொண்டேன். முன்னொரு காலத்தில் அந்த மணல் ஏரிக்கு அடியில் கிடந்ததாம். அதையும் அயலிலுள்ள இரண்டு ஏரிகளையும் சுற்றிய நாட்டுப்புறம் வெள்ளத்தாலும் சேற்றாலும் மலேரியாக் காய்ச்சலாலும் அழிந்துகொண்டிருந்தது. நீதாவ் ஊர் வைத்தியர் யோஹான் ருடொல்ஃப் ஷ்னைடர் அதை மாற்றவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1868இல் வேலை தொடங்கியது. எங்கள் வீட்டோரம் ஓடுகிற அதே ஆறேயை வாய்க்கால் வெட்டி, 1878இல் பீல் ஏரிக்குள் திருப்பிவிட்டார்கள். 1891இல் எல்லாம் முடிந்தபோது ஏரிகளின் மட்டம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் இறங்கியிருந்தது. தென்கரையில் தண்ணீர் விட்டுப்போன இடமெல்லாம் மணலும் நாணலுமாக வெளியே வந்தது. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற கிராண்ட் கரிசே சதுப்பு நிலமும் அப்படி வந்ததுதான். காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த சனத்துக்காக ஒரு வைத்தியர் பட்ட பாடு, நூறு வருடம் தாண்டி என் பிள்ளைகள் நிற்கத் தரையானது. அவருடைய பெயரை நான் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

ஆறு வருடம் கோடை தவறாமல் போனோம். தங்குவதற்குக் காசில்லை. காலை முதல் ரயிலில் போய்க் கடைசி ரயிலில் வருவோம். இரவே கட்லட்டும் ரோல்ஸும் பொரித்து, பாணுக்குள் மீன்சம்பல் வைத்து மடித்துவிடுவேன். மரநிழலில் எங்களுக்கென்று ஒரு இடம் இருந்தது. வருடாவருடம் அதே பிரெஞ்சுக் குடும்பம் பக்கத்தில் வந்து பாய் விரிக்கும். அவர்களுக்கு ஜெர்மன் வராது, எங்களுக்குப் பிரெஞ்சு வராது. என் ரோல்ஸ் அங்கே போகும், அவர்களுடைய அப்ரிகோட் தட்டு இங்கே வரும்.

அந்த ஏரியிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருந்தது. முதல் வருடம் வீட்டுக்கு வந்த இரவு பிள்ளைகளின் கால் முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. அம்மை போட்டுவிட்டது என்று நினைத்து விடியும்வரை விழித்திருந்தேன். காலையில் கீழ் வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "வாத்துத் தெள்ளு" என்றார். ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் நத்தைக்கும் நீர்ப்பறவைக்கும் இடையே வாழ்கிற நுண்புழுக்கள் ஆளின் தோலுக்குள் தவறிப் புகுந்து செத்துப்போகும். கடி தானே ஆறும். கரையேறின உடனே துவாயால் அழுத்தித் துடைத்தால் வருவது குறையும். அதற்குப்பிறகு பிள்ளைகள் வெளியே வந்தால் தோல் சிவக்கத் துடைத்தேன். இன்றைக்கும் மகள் அந்தத் துடைப்பைச் சொல்லிச் சிரிப்பாள்.

காற்றையும் கற்றேன். வடகிழக்கிலிருந்து வருகிற பீஸ் வெயிலிலேயே நடுங்க வைக்கும், ஆனால் அது சொல்லிவிட்டு வரும். ஜோரான் அப்படியில்லை, எதிர்க்கரை ஜூராவிலிருந்து திடீரென்று இறங்கும். 2001இல் ஒரு பின்னேரம், வானம் தெளிவாகத்தான் இருந்தது. கரையோரக் கம்பத்தில் செம்மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கியது. ஏரியைச் சுற்றி அந்த விளக்குகள் உண்டு. நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் கவனம், 90 முறை மின்னினால் புயல், உடனே கரையேற வேண்டும். எனக்கு அன்று அது தெரியாது. பக்கத்துப் பிரெஞ்சுக்காரர் ஓடிவந்து என் தோளைத் தொட்டு விளக்கைக் காட்டினார். நான் எழுந்து கத்துவதற்குள் இவர் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி வருகிறார். மணலில் வந்து விழுந்தார்கள். பத்து நிமிடத்தில் அந்த முழங்கால் தண்ணீர் வெள்ளை வெள்ளையாய் எகிறியது. குளிப்பிடங்களில் எழுதிவைத்திருக்கிற விதியில், சிறுபிள்ளைகள் கை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்று உண்டு. தண்ணீர் ஆழமில்லை என்பதால் அதை நான் பெரிதாக எடுத்ததில்லை. அன்றைக்குப் பிறகு இவரோடு நானும் தண்ணீருக்குள் இறங்கி நின்றேன்.

இதற்கிடையில் 2000ஆம் ஆண்டு, 1992 முடிவதற்குள் வந்து முடிவில்லாமல் இழுபட்டவர்களைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ள அரசு முடிவெடுத்தது. எஃப் பெர்மிட் கிடைத்தது. 2002 போர்நிறுத்தக் கோடையில், பயணம் போகக்கூடிய பெர்மிட் இருந்த சொந்தக்காரர் எல்லோரும் பிள்ளைகளோடு ஊருக்குப் பறந்தார்கள். நாங்கள் இவோனாந் போனோம். பக்கத்து இவர்தோனில் அந்த வருடம் எக்ஸ்போ கண்காட்சி. ஏரிநீரை இறைத்து ஆயிரக்கணக்கான சின்னத் துளைகளால் புகாராக விசிறி, தண்ணீர்மேல் ஒரு மேகத்தைக் கட்டியிருந்தார்கள். அதற்குள் நடந்துபோனோம். மகன் என் கையை விட்டுவிட்டு, "அம்மா, நான் எங்கே இருக்கிறேன் சொல்லுங்கோ" என்று வெள்ளைக்குள்ளிருந்து கூப்பிட்டான்.

கடலுக்கு 2004இல்தான் போனோம். வதிவிட அனுமதியான பி பெர்மிட் வந்திருந்தது. சுவிஸ் அப்போது ஷெங்கனில் சேரவில்லை, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இத்தாலி விசா வேண்டும். சம்பளத்துண்டு, வங்கிக் கணக்கு, தங்குமிடக் கடிதம் எல்லாம் சேர்த்து எடுத்தோம். லிகூரியாக் கரை கிட்ட, ஆனால் பல இடங்களில் கூழாங்கல், சட்டென்று ஆழம். அட்ரியாட்டிக் கரை தூரம், ஆனால் மணல், ஆழம் மெல்ல மெல்லத்தான் வரும். நாங்கள் எதைத் தேர்ந்திருப்போம் என்று சொல்லத் தேவையில்லை. ரிமினியில் வரிசை வரிசையாகக் குடைகள், கரைக்குச் சற்று அப்பால் அலையைத் தடுக்கிற கற்பாறை வரிகள். எட்டு வயது மகன் ஓடிப்போய் விழுந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, துப்பிக்கொண்டே திரும்பி வந்தான். "அம்மா, இந்தக் கடல் பழுதாப்போச்சு." நான் சொன்ன பொய் அங்கே வெளிவந்தது. கடல் என்றால் உப்பு என்று அவனுக்குச் சொல்லும்போது பதினான்கு வருடத்துக்குப் பிறகு என் உதட்டிலும் அந்த உப்பு இருந்தது.

அடுத்த வருடமும் ரிமினி என்று பேசி வைத்திருந்தோம். டிசம்பர் 26 சுனாமி வந்தது. மணற்காட்டிலும் முல்லைத்தீவிலும் கரையோரச் சனத்தைக் கடல் கொண்டுபோன படங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடின. இவருடைய உறவுக்குள்ளும் இழப்பு. 2005 ஜூலையில் பிள்ளைகள் கடல் என்றார்கள். நான் முடியாது என்றேன். இவர் ஒன்றும் கேட்காமல் ஃப்ரைபுர்க் ரயிலின் நேரத்தைப் பார்த்தார். அந்த முறை தண்ணீரில் கால் வைக்க எனக்கு அரைநாள் எடுத்தது. பிறகு, போரின் முடிவில், முள்ளிவாய்க்கால். 2009 கோடையில் நாங்கள் எந்தக் கரைக்கும் போகவில்லை.

இந்த வருடம் மகள் தன் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவதென்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தாலியா, கிரேத்தா, மயோர்க்கா. இப்போது எல்லாக் கடலும் அவளுக்குத் திறந்திருக்கிறது. அது எனக்குப் பெரிய சந்தோஷம், அவள் எல்லாவற்றுக்கும் போகட்டும். கிரேத்தாவுக்குப் பதிவு செய்துவிட்டு, "அதற்கு முன்னம் ஒரு நாள் இவோனாந் போவமே அம்மா" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். மரங்கள் உயர்ந்துவிட்டன. முப்பது வருடம் சமையலறையில் நின்றதில் இவருக்கு முழங்கால் போய்விட்டது. மடிக்கிற கதிரையில், நிழலில் உட்கார வைத்தேன். பேரன் வாளியோடு தண்ணீரைப் பார்த்து ஓடத் தொடங்கினான். இவர் கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பப் பார்த்தார்.

மகன் அவருக்கு முன்னால் கடந்துபோனான். காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல், தண்ணீர் இடுப்பைத் தொடுகிற இடம் வரை நடந்தான். திரும்பி நின்று, "மாமா நிற்கிற இடம் வரைக்குந்தான்" என்று தமிழில் சத்தம் போட்டான். பிறகு பெர்ன் ஜெர்மனில் ஒருமுறை.

இவர் மெல்ல உட்கார்ந்தார். நான் துவாயை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.