புது வீட்டு மொழி

புனித சவேரியாரின் பெயர் நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. அப்பெயருக்குள் ஒரு வீடு இருப்பதைப் பலர் அறியார். 1506-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் நவார்ரா பகுதியில் அவர் பிறந்த கோட்டையின் பெயரே அவருக்கு அமைந்தது. பாஸ்கு மொழியில் 'எச்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதியது. 'எச்சேபெர்ரி' என்னும் அந்தப் புது வீடே நாளடைவில் மருவிச் சவியேர் ஆகி, நம்மிடையே சவேரியார் ஆயிற்று.

முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த அவர், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு மடல் எழுதினார். இம்மக்களின் மொழி மலபார், தம் மொழி பாஸ்கு. ஆகவே ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை என்று அதில் குறித்தார். தமிழையே அன்று ஐரோப்பியர் மலபார் மொழி என்றனர். இரு மொழி அறிந்தோரைக் கூட்டி, அரிதின் முயன்று செபங்களைத் தமிழாக்கினார். சிறுவர்கள் தாம் கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் எனப் பணித்தார். இவ்வாறே செபம் நம் வீடுகளுக்குள் நுழைந்தது.

நம் மொழியைக் கற்க அத்துணை பாடுபட்டவரின் தாய்மொழியைச் சிறிதேனும் அறிய வேண்டும் என்னும் ஆவல், காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் வாழும் எங்கள் குடும்பத்தாருக்கு எழுந்தது. வீட்டு வேலைகளைப் பற்றிய பேச்சிலிருந்தே தொடங்கினோம். பிராங்கோவின் ஆட்சியில் பள்ளிகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் விலக்கப்பட்ட அம்மொழியைப் பெரிதும் காத்தவை வீடுகளே அல்லவா?

கற்கத் தொடங்கியதும் வியப்புற்றோம். பாஸ்கு தமிழுக்கு உறவுமொழி அன்று. ஆயினும் நடையில் நெருங்கி வருகிறது. வீட்டில் என்பதற்கு 'எச்சேயான்', வீட்டிற்கு என்பதற்கு 'எச்சேரா', வீட்டிலிருந்து என்பதற்கு 'எச்சேடிக்'. நம் மொழியைப் போன்றே வேற்றுமை உருபு சொல்லின் இறுதியில் ஒட்டுகிறது. சமையலறை 'சுகல்தே', தீயின் பக்கம் என்பது அதன் பொருள். நம் அடுக்களையிலும் சமைத்தலைக் குறிக்கும் 'அடுதல்' உள்ளதன்றோ?

எங்களைச் சிந்திக்கச் செய்தது ஒரு சிறிய தொடர்: 'ஒன்ட்சியாக் கர்பிட்டு டிஸ்கிசுட்'. பாத்திரங்களை உனக்காக நான் கழுவிவிட்டேன் என்பது பொருள். இதில் 'டிஸ்கிசுட்' என்னும் துணைவினை ஒன்றே, செய்தவர் நான், செய்யப்பட்ட பொருள்கள் பல, அது உனக்காக என்னும் மூன்றையும் தாங்கி நிற்கிறது.

நம் வீடுகளில் எவ்வாறு பேசுகிறோம்? 'பாத்திரம் கழுவியாயிற்று', 'வீடு பெருக்கியாயிற்று' என்கிறோம். வேலை தானே நடந்துவிட்டதைப் போன்று செய்தவர் மறைந்துவிடுகிறார். இப்பகுதி நெசவாளர் இல்லங்களில் தறியில் அமர்பவரின் உழைப்பு சேலையாகக் கண்முன் நிற்கிறது. ஊடைக்குத் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு உலை வைக்கும் பெண்ணின் உழைப்போ அன்றாட வீட்டு வேலைக்குள் கரைந்துவிடுகிறது. அதற்கெனத் தனிக் கூலியும் இல்லை, பெரும்பாலும் நன்றிச் சொல்லும் இல்லை.

அந்தப் பாஸ்குத் தொடரை எங்கள் இல்லத்தில் பழகியபோது ஓர் உண்மை புலப்பட்டது. அதனைச் சொல்லும் உரிமை கழுவியவருக்கு மட்டுமே உண்டு! அதனைச் சொல்லிப் பார்க்கும் ஆசையாலேயே சிறுவர்களும் ஆடவர்களும் இரவில் முறைவைத்துப் பாத்திரம் துலக்கலாயினர். மொழிப் பயிற்சியாகத் தொடங்கியது இல்லறப் பயிற்சியாக வளர்ந்தது.

இறுதி இராவுணவின்போது ஆண்டவர் இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். கழுவியவர் யார், யாருக்காகக் கழுவினார் என்பதைத் திருச்சபை இன்றளவும் மறக்கவில்லை. ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று நினைவுகூர்கிறது. அந்நினைவு ஆலயத்தோடு நின்றுவிடலாகாது. இன்றிரவு நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவர் யார் என்று நோக்குவோம். அவரருகே சென்று நாமும் கைகொடுப்போம்.