22-ஐ 7-ஆல் வகுத்தால் 3

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்த ஒரு தலைமுறைக்கு, சி மொழி லேப் என்றதும் டர்போ சியின் நீலத் திரைதான் நினைவுக்கு வரும். இரண்டு எண்களைக் கூட்டு, மூன்றில் பெரியது எது என்று கண்டுபிடி என நாலைந்து பயிற்சிகள் முடிந்ததும் ஆசிரியர் இயற்பியல் பக்கம் திரும்புவார். தனி ஊசலின் அலைவு நேரத்துக்கு ஒரு புரோகிராம் எழுதச் சொல்வார். சூத்திரம் பள்ளியிலேயே மனப்பாடம் ஆனது. நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் பெருக்கினால் முடிந்தது. பதினைந்து வரி கூடத் தேவைப்படாது.

பைக்கு என்ன போடுவது? பள்ளியில் கை பழகிய 22/7-ஐ மாணவன் அப்படியே தட்டுகிறான். நீளம் 1 மீட்டர், முடுக்கம் 9.8. புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாயே திறப்பதில்லை. 1.917 விநாடி என்று விடை வருகிறது. வந்திருக்க வேண்டியது 2.007.

சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் கிடைப்பதும் முழு எண்தான். தசமப் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். ஆகவே அங்கே 22/7 என்றால் 3. அதையே 22.0/7.0 என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. இந்தப் பிழையில் வேடிக்கை என்னவென்றால், விடை நம்பும்படியாக இருப்பதுதான். நாலரை சதவீதம் குறைவு. நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி அளந்தவர்களுக்கு இந்த அளவு வித்தியாசம் பழகிப்போனது. பழி கைவிரல்மீது போகும், காற்றின்மீது போகும். வகுத்தல் குறியை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

கீழே விழும் கல்லின் கதை இன்னும் மோசம். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி எறிந்த கல் 2 விநாடியில் 39.6 மீட்டர் இறங்க வேண்டும். முடுக்கத்தோடு வரும் அரையை 1/2 என்று எழுதினால் அது பூஜ்யமாகிவிடும். விடை 20 மீட்டர். சூத்திரத்திலிருந்து புவியீர்ப்பு முழுசாகக் கழன்றுபோனாலும் திரையில் 20 என்ற எண் சாதுவாகத்தான் நிற்கிறது.

இது நம் ஊர் மாணவர்கள் கண்டுபிடித்த குழி அல்ல. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து எழுதிய புத்தகம் 1978-இல் வந்தது. அதன் முதல் அத்தியாயத்திலேயே ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றும் அட்டவணை ஒன்று உண்டு. அங்கே 5/9 என்று எழுதாமல், 5.0/9.0 என்று எழுதுகிறார்கள். 5/9 பூஜ்யமாகிவிடும் என்று காரணமும் சொல்கிறார்கள். விஞ்ஞானிகளுக்கென்றே 1950-களில் பிறந்த ஃபோர்ட்ரானிலும் இதே விதிதான்.

வகுத்தலைத் தாண்டினால் கோணம் காத்திருக்கிறது. சாய்வாக எறிந்த பந்து எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட சைன் வேண்டும். சி மொழியின் சைன் ரேடியனைத்தான் ஏற்கும். மாணவன் கொடுப்பதோ பாகை. விநாடிக்கு 20 மீட்டர் வேகம், 30 பாகை என்று கொடுத்தால் பந்து சுமார் 12 மீட்டர் பின்னால் போய் விழுகிறது. மைனஸ் குறியைப் பார்த்ததும் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவான். அதே பந்தை 45 பாகையில் எறிந்தால் விடை 36.5 மீட்டர். சரியான தூரம் 40.8. இப்போது சிரிப்பு வராது, சந்தேகமும் வராது. காற்றுத் தடையைக் கணக்கில் எடுத்தது போலக்கூடத் தோன்றும். 45 பாகையை மட்டும் போட்டுப் பார்த்தவனின் ரெக்கார்டு நோட்டில் அது அப்படியே ஏறிவிடும்.

அடுத்தது அலகு. காகிதத்தில் 9.8 என்று எழுதும்போது மீட்டரும் விநாடியும் கூடவே வருகின்றன. புரோகிராமில் டபுள் என்ற தசம எண் வகையாக அறிவித்த மாறிக்குள் எண் மட்டும்தான் போகிறது. அது மீட்டரா அடியா என்று அந்த மாறிக்குத் தெரியாது. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கிய வேளையில் தொலைந்ததற்குக் காரணம் இந்த வகைக் குழப்பம்தான். ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது. அதை வாங்கிப் பாதை கணித்தவர்கள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். விண்கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயை அணுகியது.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் 1/2 என்று பார்த்தால் அரை என்று புரிந்துகொள்வார், 45 என்று பார்த்தால் பாகை என்று எடுத்துக்கொள்வார். சூத்திரத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் படிப்பவரே நிரப்பிக்கொள்கிறார். கம்பைலர் எதையும் நிரப்பாது. அதனால்தான் பதினைந்து வரி புரோகிராம் ஒன்று, மாணவன் சூத்திரத்தைப் புரிந்துகொண்டானா, மனப்பாடம் செய்தானா என்பதைத் தேர்வுத்தாளைவிடத் துல்லியமாகக் காட்டிவிடுகிறது.

ஆனால் பெரும்பாலான லேப்களில் புரோகிராமும் அவுட்புட்டும் ரெக்கார்டில் இருந்தால் போதும், கையெழுத்து கிடைத்துவிடும். ஆசிரியர்கள் கூடுதலாக ஒன்று கேட்கலாம். அவுட்புட்டுக்குப் பக்கத்தில், அதே எண்களை வைத்துக் கால்குலேட்டரில் போட்ட கணக்கை ஒரு வரியில் எழுதச் சொல்லலாம். இரண்டும் ஒத்துப்போன பிறகு கையெழுத்துப் போடலாம்.