நாலாவது பத்துமணி

எங்க வீட்டுல ஒரு நாளைக்கு அஞ்சு பத்துமணி. கடிகாரத்துப் பத்துமணி இல்லைங்க. செபமாலையில ஒரு பரலோக மந்திரம், பத்து அருள்நிறை மந்திரம், ஒரு திரித்துவப் புகழ், இது சேர்ந்தா ஒரு பத்துமணி. அப்படி அஞ்சு. ஆரம்பத்துல வர்ற மூணையும் கூட்டினா மொத்தம் 53 அருள்நிறை. வேதக்கார வீட்டுல பொறந்தவங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்ல, மத்த நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சின்ன வயசுல எனக்கு அது தண்டனை மாதிரிதான். தூத்துக்குடியில சாயங்காலம் கோயில் மணி அடிச்சா விளையாட்டைப் பாதியில விட்டுட்டு ஓடி வரணும். முழங்கால்ல நிக்கணும். 2002-ல போப் ரெண்டாம் ஜான் பால் புதுசா ஒளியின் மறையுண்மைகள் அஞ்சைச் சேர்த்தாருன்னு கேள்விப்பட்டப்ப, "இனிமே தினம் பத்தா?"ன்னு பதறிட்டேன். இல்ல, அது வியாழக்கிழமைக்கு மட்டும்தான். தப்பிச்சேன் :)

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒவ்வொரு பத்துமணிக்கும் முன்னாடி அம்மா ஒரு கருத்து சொல்வாங்க. முதல் பத்து இறந்தவங்களுக்கு. ரெண்டாவது கடலுக்குப் போனவங்களுக்கு. மூணாவது பிள்ளைங்களுக்கு. அஞ்சாவது நோயாளிகளுக்கு. நாலாவது மட்டும் வருஷத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கிட்டே இருக்கும், பரீட்சை, அக்கா கல்யாணம், இப்படி. 2009-ல இருந்து அது மாறவே இல்ல. ஒரே ஒரு ஆளோட பேர்.

அந்த ஆளு அப்பாவோட சித்தி மகன். எனக்கு சித்தப்பா முறை. ரெண்டு பேரும் கூட்டா ஒரு லாஞ்சு வாங்கினாங்க. அம்மாவோட நகை முச்சூடும் அதுலதான் போச்சு. "தம்பிதானே"ன்னு பேப்பரெல்லாம் அவர் பேர்லயே இருக்க அப்பா விட்டுட்டாரு. ஒரு நாள் லாஞ்சு வித்தாச்சுன்னு வெளியாள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பங்கு கேட்கப் போன அப்பாகிட்ட "எந்தப் பங்கு?"ன்னு கேட்டாராம். அன்னைக்கு ராத்திரி அம்மா செபமாலையை எடுத்தாங்க, நாலாவது பத்து வந்துச்சு, சித்தப்பா பேரைச் சொன்னாங்க. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

2011-ல அப்பாவுக்குப் பக்கவாதம். அதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், பிரஷர் ஏற்கனவே இருந்துச்சு. ஆனா மனசு கேக்காது இல்லையா. வலது பக்கம் மொத்தமா விழுந்துருச்சு, பேச்சும் போச்சு. ஏழு வருஷம் கட்டில்லயே கெடந்தாரு. படுக்கைப் புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைக்கணும். ராத்திரியும்தான். அம்மா மணிக்கட்டுல செபமாலையைச் சுத்திக்கிட்டுத்தான் அதெல்லாம் செஞ்சாங்க. துணி துவைக்கும்போதும் கஞ்சி ஊட்டும்போதும் உதடு ஓடிக்கிட்டே இருக்கும்.

இதுல ஒரு ஆச்சரியம். அப்பாவுக்கு "தண்ணி"ன்னு கேக்க வராது. என் பேரு வராது. ஆனா செபமாலை ஆரம்பிச்சா, பதில் சொல்ற பின்பாதி குழறலா, ஆனா சரியா வந்துரும்! டாக்டர்கிட்ட கேட்டோம். பேச்சு போன சிலருக்கு வாய்ப்பழக்கமான விஷயங்கள், ஒண்ணு ரெண்டு எண்றது, பாட்டு, செபம் மாதிரி, தப்பிச்சு நிக்கும்னாரு. அதனால சாயங்காலம் இருபது நிமிஷம் எங்க வீட்டுல அப்பா பேசுவாரு.

நாலாவது பத்துல மட்டும் வாயை மூடிக்கிருவாரு. வரலையா, வேண்டாம்னு இருந்தாரா, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அம்மா அவர் பாதியையும் சேர்த்து ஒத்தையா சொல்லி முடிப்பாங்க.

குழந்தை தெரசம்மாள் கதை உங்கள்ல சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1887-ல பிரான்சினின்னு ஒருத்தன் பாரிஸ்ல மூணு பேரைக் கொலை பண்ணிட்டு, கொஞ்சம் கூட வருத்தமே காட்டாம மரண தண்டனைக்குக் காத்திருந்தான். 14 வயசுப் பொண்ணு தெரேசா அவன் மனந்திரும்பணும்னு விடாம செபிச்சா. ஆகஸ்ட் 31-ஆம் தேதி கில்லட்டின். பேப்பர் படிக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்ததையும் மீறி எடுத்துப் பாத்தா, கடைசி நிமிஷத்துல சிலுவையை வாங்கி மூணு தடவை முத்தம் கொடுத்தான்னு போட்டிருந்துச்சு. அழுதுக்கிட்டே ஓடினாளாம்.

நல்ல கதைதான். ஆனா பிரான்சினியைத் தெரேசா நேர்ல பார்த்ததே இல்ல. எங்கம்மாவுக்கு அந்த ஆளு நாலு தெரு தள்ளித்தான். ஞாயித்துக்கிழமை பூசையில ரெண்டு பெஞ்சு முன்னாடி. சமாதானம் சொல்ற நேரத்துல திரும்பி கும்பிடுவாரு, அம்மாவும் கும்பிடணும். சிலுவையை முத்தம் கொடுத்த சேதி எந்தப் பேப்பர்லயும் வராது. அவர் வீடு மாடி கட்டின சேதிதான் வரும்.

ஒரு தடவை பொறுக்க முடியாம கேட்டேன்.

"எம்மா, நெசமாவே அவரை மன்னிச்சிட்டியா?"

"மன்னிச்சேனா? அவன் மூஞ்சியை நெனச்சாலே வயிறு எரியுது."

"அப்புறம் எதுக்கு தினம் அவருக்குன்னு ஒரு பத்து?"

"எரியுறதுனாலதாம்ல. எரியலைன்னா எனக்கு எதுக்கு அது? அவன் நாசமாப் போவணும்னு வாயில வந்துரக் கூடாதுல்லா. அதுக்குள்ள பத்து அருள்நிறை சொல்லிருவேன்."

"சாமி கேக்காருன்னு நெனைக்கியா?"

கொஞ்ச நேரம் அரிசியில கல்லைப் பொறுக்கிக்கிட்டே இருந்தாங்க. "தெரியல எய்யா. ரொம்ப நாளா ஒண்ணும் தோணல. மணி பாட்டுக்கு உருளுது."

தெரசம்மாளுக்கும் 1896 ஈஸ்டர்ல இருந்து அடுத்த வருஷம் சாகுற வரைக்கும் மோட்சம்னு ஒண்ணு இருக்கான்னே சந்தேகமா, உள்ளுக்குள்ள ஒரே இருட்டா இருந்துச்சு. அதை அம்மாகிட்ட சொன்னேன். "பாவம் சின்னப் பிள்ளை"ன்னாங்க. அவ்வளவுதான்.

அப்பா 2018-ல போனாரு. சித்தப்பா அடக்கத்துக்கு வந்தாரு, மாலை போட்டாரு, நான் பேசல.

போன மாசம் அம்மாவுக்குக் கடும் இருமல். நான் சென்னையில, அம்மா ஊர்ல. ராத்திரி போன் போட்டப்ப, "தொண்டை கட்டிக்கிச்சு, முன்பாதியை நீ சொல்லு, நான் மெதுவா பதில் சொல்லுதேன்"னாங்க. செபமாலை தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு! விரல்லயே எண்ணினேன். மூணு பத்து எப்படியோ ஓடிருச்சு. நாலாவது வந்துச்சு. கருத்து எதுவும் சொல்லாம நேரா ஆரம்பிச்சேன்.

பதில் வரல.

லைன் கட்டாயிருச்சோன்னு போனைப் பாத்தேன். நேரம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இருமல் சத்தம் மட்டும் கேட்டுச்சு. நானும் பேசல, அம்மாவும் பேசல. ஒரு நிமிஷம் இருக்கும், எனக்கு அது ரொம்ப நீளமா இருந்துச்சு.

அப்புறம் பேரைச் சொன்னேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன், அதை மறைக்கல.

அந்தப் பக்கம் கரகரன்னு பின்பாதி ஆரம்பிச்சுது. அஞ்சையும் முடிச்சு, சிலுவை போட்டுட்டு, போனை வைக்கப் போற நேரத்துல அம்மா சொன்னாங்க:

"ஏல, ரெண்டாவது பத்துல ஒம்பதுதான் சொன்ன."