தாய்ப்பலகை தேடி

மர்ஹூம் நம் உஸ்தாத் அவர்கள் 1993இல் தொகுத்த அறபு–தமிழ்ச் சொற்கோவை, ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பித் தட்டுகளில் அடைபட்டுக் கிடந்தது. அவற்றைப் படிக்கவல்ல பழங்கணினியொன்றை அமைக்க, மதர்போர்டு எனும் தாய்ப்பலகையைத் தேடிப் பழம்பொருட் கடைகளில் அலைந்தோம்.

அக்காலத்து 486 பலகையே பொருத்தமென எவரும் எண்ணுவர். நாம் கண்டவை மூன்று. மூன்றிலும், ஈயப்பற்றில் நிலையாய்ப் பொருத்திய நிக்கல்–காட்மியம் மின்கலம் கசிந்து, பாசி படர்ந்தாற்போல் செப்புத் தடங்களை அரித்திருந்தது. வேகமும் விலையும் பிறகு; அம்மூலையைத்தான் முதலில் நோக்க வேண்டும்.

இறுதியில் நாம் தெரிந்தெடுத்தது, இன்டெல் 1998இல் வெளியிட்ட 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி கொண்ட பலகை. வயதில் இளையதாயினும், ஃபிளாப்பி இயக்கியை நேரே இணைக்கும் முனை அதிலேயே உண்டு. மின்கலமோ கழற்றி மாற்றத்தக்க காசு வடிவினது. கடைக்காரர் கேட்ட விலைக்குப் பேரம் பேச நா எழவில்லை.

அலிஃப் வரிசை முழுதும் வந்துவிட்டது. ஐந்தாம் தட்டு மட்டும் இன்னும் திறக்க மறுக்கிறது.