சோறுதான் சுஷி

டோக்கியோ, கின்சா. பத்துப் பேர் மட்டும் உட்காரக்கூடிய சுஷி கடை. மெனு கிடையாது; ‘ஒமகாசே’தான், அதாவது தேர்வைச் சமையற்காரரிடமே விட்டுவிடுவது.

மீனுக்காகப் போனேன், மனசில் நின்றது சோறு. வினிகர் கலந்து, உடம்புச் சூட்டில், வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாகப் பிரிந்தது. கொஞ்சம் அழுத்தினால் கட்டி, தளர்த்தினால் கையிலேயே உதிரும். அந்தப் பிடிக்குப் பல வருடப் பழக்கம் வேண்டும்.

கொஹாதா என்ற சின்ன மீனை உப்பிட்டு, வினிகரில் ஊறவைத்துத் தந்தார் சமையற்காரர். குளிர்சாதனப் பெட்டி இல்லாத எடோ காலத்தில் மீன் கெடாமலிருக்கக் கண்ட வழி, இன்றைக்கு ருசிக்காகவே தொடர்கிறது. சோயா சாஸையும் அவரே தூரிகையால் தடவிவிடுகிறார்.

“கையாலேயே சாப்பிடலாம்” என்றார். சோற்றைப் பிசைந்து உண்டு வளர்ந்தவளுக்கு அப்படியொரு நிம்மதி! கடைசியாக வந்தது, லேசாக இனிக்கும் முட்டை.