அதோ, அப்பா வருகிறார்!

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் ரவிவர்மாவின் லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் அறியாதார் இலர். ஆனால், அந்தச் சித்திரக்காரர் தம் சொந்த மகளையே எழுதிய படமொன்று உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

படம் 1893-ஆம் வருஷத்தியது. புதல்வி மகாபிரபா தம் ஆண் குழந்தையை ஏந்தி நிற்கிறார். தாயும் சேயும் ஒரே திசையை நோக்குகிறார்கள். ‘அதோ, அப்பா வருகிறார்’ என்பது படத்தின் பெயர். வருகிற அப்பாவை மட்டும் படத்தில் காணோம்!

மலையாள நாட்டில் அக்காலத்தில் மருமக்கள்தாயம் வழங்கிற்று. குழந்தை தாயின் குடும்பத்துக்கே உரியது. தகப்பன் வந்து போகிறவன். ரவிவர்மாவின் மனைவி மக்கள் இருந்தது மாவேலிக்கரையில். அவரோ பரோடா, மைசூர், பம்பாய் என்று ஊர் ஊராய்ச் சென்றவர். அந்த மகள் எதிர்நோக்குவது கணவரை மட்டுந்தானா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. பிரிவு அக்குடும்பத்தை அத்துடன் விடவில்லை. மகாபிரபாவின் பெண் சேது லக்ஷ்மிபாய், ஐந்து வயது நிரம்புமுன், 1900-இல் திருவிதாங்கூர் அரண்மனைக்குத் தத்துப் போனாள்.

பிரெஞ்சு ஆட்சியில் நம் புதுவைச் சீமையிலிருந்து சைகோனுக்குக் கப்பலேறிய தகப்பன்மார் பலர். எங்கள் பாட்டனாரும் அவர்களில் ஒருவர். அவருடைய புகைப்படம் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அவருக்காகத் திண்ணையில் காத்திருந்த குழந்தைக்குத்தான் படமில்லை. போனவரை நினைவில் வைக்கப் பலருண்டு. காத்திருந்தவரைக் கண்டு எழுதியவர் ரவிவர்மா.